லெகோ ரயில் இன்ஜின்: எல்கேஜி சமாச்சாரமா?

இருபது வயசு மெக்கானிக்கல் மாணவன் ஒருத்தன் ஹாஸ்டல் ரூமில் உட்கார்ந்து லெகோ கட்டைகளை வைத்து நீராவி ரயில் இன்ஜின் கட்டுகிறான் என்று வைத்துக்கொள்ளுங்கள். பக்கத்து ரூம்காரன் என்ன சொல்வான்? "ஏண்டா, எல்கேஜில விட்டதை இப்பப் பிடிக்கிறியா?" வீட்டில் சொல்வதைப் பற்றிப் பேசவே வேண்டாம்.

அதே பக்கத்து ரூம்காரன் எட்டாவது செமஸ்டரில் காசு கொடுத்து ரெடிமேட் புராஜெக்ட் ஒன்றை வாங்குவான். பைண்டிங் போடுவான். வைவாவுக்கு முந்தின ராத்திரி, 'தன்னுடைய' புராஜெக்டில் என்னதான் இருக்கிறது என்று மனப்பாடம் செய்வான். அவனைப் பார்த்து யாரும் சிரிப்பதில்லை. அவன் பிராக்டிகலான பையனாம்!

இந்தக் கூத்து கிண்டி பக்கம் நடந்தால் இன்னும் வேடிக்கை. 1794-ல் சர்வே பள்ளியாக ஆரம்பித்த பொறியியல் கல்லூரி இங்கேதான் இருக்கிறது. தொழிற்பேட்டை 1958-ல் வந்தது. (இன்றைய வடிவக் கட்டைக்கு டென்மார்க்கில் லெகோ காப்புரிமைக்கு விண்ணப்பித்ததும் அதே 1958-ல்தான். அன்று செய்த கட்டை இன்றைய கட்டையோடு இன்னும் 'டக்'கென்று சேரும்.) லெகோ கட்டை என்பது ஏபிஎஸ் பிளாஸ்டிக்கை உருக்கி அச்சுக்குள் அழுத்தி எடுப்பது. அந்த வித்தையைச் சொல்லிக்கொடுக்கும் சிப்பெட் 1968-லிருந்து கிண்டியில் இருக்கிறது. மோல்டிங் தெரிந்தவனிடம் போய் இது பொம்மை என்று சொல்லிப் பாருங்கள், அந்த அச்சின் துல்லியம் பற்றி ஒரு மணி நேரம் கிளாஸ் எடுப்பான்.

ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். டப்பாவில் வரும் இன்ஜினைப் புத்தகத்தைப் பார்த்துச் சேர்ப்பது வேறு. 2022-ல் வந்த ஹாரி பாட்டர் ரயிலில் 5,129 துண்டுகள். பொறுமை இருந்தால் யாரும் முடிக்கலாம். பாவமில்லை, நல்ல பொழுதுபோக்கு. இங்கே பேச்சு அதைப் பற்றியல்ல. நம்மூர் இன்ஜின் ஒன்றை எடுத்து, அளவைச் சுருக்கி, எந்தத் துண்டு எங்கே என்று தானே கண்டுபிடித்துக் கட்டுவது பற்றி.

உதாரணத்துக்கு டபிள்யூ.பி. 1947-லிருந்து 1967 வரை வந்த, மூக்கு புல்லட் மாதிரி இருக்கும் அகலப்பாதை இன்ஜின். லெகோ தண்டவாளத்தின் உள் இடைவெளி சுமார் 37.5 மி.மீ. நம் அகலப்பாதை 1,676 மி.மீ. வகுத்தால் 44.7. ஆக, எல்லாவற்றையும் 44.7-ஆல் வகுக்க வேண்டும். டபிள்யூ.பி.யின் பெரிய சக்கரம் 5 அடி 7 அங்குலம், அதாவது 1,702 மி.மீ. மாடலில் 38 மி.மீ. வருகிறது. லெகோவின் பெரிய ரயில் சக்கரமோ சுமார் 30 மி.மீ.தான். முதல் நாளே முட்டுக்கட்டை! அளவை மாற்றுவதா, சக்கரத்தில் சமாதானம் ஆவதா, வேறு யாராவது செய்து விற்கும் பெரிய சக்கரத்தைத் தேடுவதா? இதற்குப் பெயர்தான் டிசைன் முடிவு.

அடுத்தது வளைவு. லெகோ வளைவின் ஆரம் 320 மி.மீ. நிஜத்தில் அது 14 மீட்டர். டெண்டரோடு சேர்த்து சுமார் 24 மீட்டர் நீளமுள்ள இன்ஜின் அதில் திரும்புமா? கனவிலும் திரும்பாது. ஆனால் மாடல் திரும்பியாக வேண்டும். நடு ஜோடிக்கு விளிம்பில்லாத சக்கரம் போட வேண்டும், முன் போகியைத் தனியாக ஆட விட வேண்டும். வலது கிராங்கும் இடது கிராங்கும் 90 டிகிரி தள்ளி இருக்க வேண்டும், இல்லையென்றால் நிஜ இன்ஜின் நின்ற இடத்தில் சிக்கிக்கொள்ளும். லெகோ அச்சு கூட்டல் குறி வடிவம் என்பதால் 90 டிகிரி தானாக அமைகிறது. ஒரே ஒரு சக்கரத்தை மாற்றிச் செருகினால் போதும், ராடுகள் இறுகி எல்லாம் நின்றுவிடும். கிராங்க் கோணத்தைப் பரீட்சையில் எழுதி எட்டு மார்க் வாங்கியவர்களில் எத்தனை பேர் அந்த இறுக்கத்தைக் கையால் உணர்ந்திருப்பார்கள்?

"அதான் கம்ப்யூட்டர்ல வரையலாமே" என்பார்கள். வரையலாம், வரையத்தான் வேண்டும். ஆனால் திரையில் உராய்வு கிடையாது. ஒரு ராடு இன்னொரு ராடுக்குள் பேய் மாதிரி புகுந்து போகும், எந்தப் புகாரும் வராது.

இன்னும் சவால் வேண்டுமா? நீலகிரி மலை ரயிலின் எக்ஸ் வகுப்பு இருக்கிறது. ஸ்விட்சர்லாந்தின் வின்டர்தூரில் பிறந்தது. பிறகு நம் பொன்மலைப் பணிமனையே புதிதாகக் கட்டிக் காட்டியது. ஒரு ஜோடி சிலிண்டர் சக்கரங்களைச் சுற்றும், இன்னொரு ஜோடி பல்சக்கரங்களைச் சுற்றும். கல்லாறிலிருந்து குன்னூர் வரை 12.5 மீட்டருக்கு 1 மீட்டர் ஏற்றம். லெகோவில் 25 குமிழ் நீளம் 200 மி.மீ., ஐந்து தட்டைத் துண்டுகளின் உயரம் 16 மி.மீ. வகுத்துப் பாருங்கள், அச்சு அசலாக 12.5! லெகோக்காரர்கள் குன்னூருக்கு வந்து அளந்துவிட்டுப் போனார்களோ என்னவோ :)

விலை அதிகம் என்பதுதான் நியாயமான ஒரே ஆட்சேபம். உண்மை, லெகோ இங்கே கொள்ளை விலை. அதற்கும் வழி இருக்கிறது. ஸ்டுடியோ, எல்டிரா போன்ற இலவச மென்பொருளில் முழு இன்ஜினையும் கட்டிவிட்டு, சக்கரமும் ராடும் வால்வ் கியரும் உள்ள அடிப்பாகத்துக்கு மட்டும் நிஜத் துண்டுகள் வாங்கினால் போதும். பாய்லரும் புல்லட் மூக்கும் திரையிலேயே இருக்கட்டும். ரெடிமேட் புராஜெக்டுக்குக் கொட்டும் பணத்தை இதற்குப் போட்டால், மாணவன் குறைந்தபட்சம் எது ஏன் உடைந்தது என்றாவது வைவாவில் சொல்வான். இதை ஏன் கடைசி வருஷப் புராஜெக்டாக ஏற்கக் கூடாது என்று துறைத்தலைவர்கள்தான் சொல்ல வேண்டும்.

அளவெடுக்க ஊட்டிக்குப் போக வேண்டியதில்லை. ஐசிஎஃப் பக்கத்தில் 2002-ல் திறந்த ரயில் மியூசியத்தில் நீராவி இன்ஜின்கள் வெயிலில் சும்மாதான் நிற்கின்றன. டேப்பும் கேமராவும் எடுத்துக்கொண்டு போங்கள். செல்ஃபி அப்புறம், முதலில் வால்வ் கியர் பக்கம் பத்துப் படம்.