டென்மார்க்கில் பயிற்றலும் பரீட்சையும்

டென்மார்க் நாட்டின் பல்கலைக்கழகங்களில் வாய்மொழிப் பரீட்சை நடைபெறும் முறை ஆசிரியர்களின் கவனத்துக்கு உரியதாகும். மேசையின் ஒரு புறத்தில் பாடத்தைக் கற்பித்த ஆசிரியரும், 'சென்சோர்' எனப்படும் மற்றொரு பரீட்சகரும் அமர்ந்திருப்பர், எதிரே மாணாக்கர். இருபது அல்லது முப்பது நிமிஷம் உரையாடல் நிகழும். பின்னர் மாணாக்கர் வெளியே அனுப்பப்படுவார். பரீட்சகர் இருவரும் தமக்குள் கலந்தாலோசித்து, சில நிமிஷங்களுக்கெல்லாம் அவரை மீண்டும் அழைத்து, அளித்த மதிப்பெண்ணையும் அதற்குரிய காரணத்தையும் நேரிலேயே கூறிவிடுவர்.

எல்லாப் பரீட்சைகளும் இவ்விதமே நடைபெறுகின்றன என்பதன்று. எழுத்துப் பரீட்சைகளும், ஆசிரியர் தாமே மதிப்பிடும் பரீட்சைகளும் அங்கு உண்டு. ஆயினும் முக்கியமான பரீட்சைகளில் வெளிப் பரீட்சகர் ஒருவர் இருந்தாக வேண்டும் என்பது நெடுநாளைய வழக்கம். இவர்கள் பிற பல்கலைக்கழகங்களிலிருந்தோ, அத்துறையில் தொழில் புரிவோரிடமிருந்தோ தேர்ந்தெடுக்கப்படுகின்றனர். இருவருக்கும் கருத்து வேற்றுமை நேருமாயின் ஒவ்வொருவரும் தத்தம் மதிப்பெண்ணை அளித்துச் சராசரி காண்பர். அச்சராசரி இரண்டு மதிப்பெண்களுக்குச் சரிநடுவில் நின்றுவிட்டால், உயர்ந்த மதிப்பை அளித்தவர் வெளிப் பரீட்சகராக இருக்கும்போது மட்டுமே அது மேல்நோக்கித் திருத்தப்படும். தம் மாணவர்பால் ஆசிரியருக்குள்ள பரிவு முடிவைச் சாய்த்துவிடாதபடி இவ்விதி காக்கிறது. எளிய விதிதான், எனினும் நுட்பமானது.

இம்முறைக்குக் குறையே இல்லை என்று யாம் கூறமாட்டோம். நூறு மாணாக்கரை அரைமணி நேரம் வீதம் விசாரிப்பதற்கு ஐம்பது மணி நேரம் செல்லும்; அதுவும் இரண்டு பரீட்சகருக்கு. நாவன்மை உடையவர் மிகுதியாகப் பெறுவதும், கூச்சமுடையவர் அறிந்ததையும் சொல்லாது விடுவதும் நேரக்கூடும். ஆனால் மனப்பாடம் செய்து வந்தவர் இரண்டாவது கேள்வியிலேயே வெளிப்பட்டுவிடுவார். 'ஏன்?' என்று உடனே திருப்பிக் கேட்கும் வசதி விடைத்தாளுக்கு ஏது?

இத்தகைய உரையாடல் பரீட்சை நாளன்று திடீரெனத் தோன்றுவதன்று. அந்நாட்டு வகுப்பறைகளில் மாணாக்கர் ஆசிரியரை முதற்பெயராலேயே அழைக்கின்றனர். ('ஐயா' என்று அழைத்துப் பழகிய நமக்கு இது சற்று உறுத்தவே செய்யும்!) ஆசிரியர் கூறியதை மறுத்துப் பேசுவது அவமரியாதையாகக் கருதப்படுவதில்லை. கிருண்ட்விக் (1783–1872) என்னும் பெரியார் பரீட்சையை வெறுத்து, உயிருள்ள பேச்சின் வாயிலாகவே கல்வி நிகழவேண்டும் என்று வாதாடியவர். அவர் கருத்தைப் பின்பற்றி 1844ஆம் ஆண்டில் ரோடிங் என்னும் ஊரில் முதல் மக்கள் உயர்பள்ளி தோன்றியது. அத்தகைய பள்ளிகளில் இன்றளவும் பரீட்சையோ மதிப்பெண்ணோ இல்லை. இந்த மரபின் சாயல் பல்கலைக்கழகங்களிலும் படிந்துள்ளது என்பது எமது துணிபு.

1972இல் நிறுவப்பெற்ற ரோஸ்கில்டே பல்கலைக்கழகமும், 1974இல் நிறுவப்பெற்ற ஆல்போர்க் பல்கலைக்கழகமும் இன்னும் ஒரு படி முன்னே சென்றன. அங்கு மாணாக்கர் சிறு குழுக்களாகச் சேர்ந்து, உண்மையான பிரச்சினை ஒன்றைத் தாமே தேர்ந்தெடுத்து, வழிகாட்டி ஒருவரின் துணையுடன் அதனை ஆராய்ந்து அறிக்கை எழுதுகின்றனர். ஆல்போர்க்கில் ஒரு பருவத்து உழைப்பில் ஏறக்குறையப் பாதி இதற்கே செல்கிறது. பின்னர் குழு முழுவதும் பரீட்சகர்முன் கூடி அமர்ந்து தன் அறிக்கைக்காக வாதாடும்.

இங்கேதான் சச்சரவு எழுந்தது. குழுவின் மறைவில் உழையாதவரும் தேறிவிடுகின்றனர். ஆகவே ஒவ்வொருவரையும் தனித்தனியே சோதிக்க வேண்டும் என்று அன்றைய ராஸ்முஸன் அரசாங்கம் வற்புறுத்தி, 2006–07ஆம் ஆண்டுகளில் குழுப் பரீட்சையை நீக்கியது. மேற்கூறிய இரு பல்கலைக்கழகங்களும் கடுமையாக எதிர்த்தன. அரசாங்கத்தின் ஐயம் ஆதாரமற்றதன்று. குழுவாகக் களப்பணி செய்தோர் அனைவரும் அத்தகைய தோழர் ஒருவரையேனும் அறிவர். ஆயினும் ஐந்து மாதம் கூடி உழைக்கச் செய்துவிட்டு, பரீட்சை நாளில் மட்டும் பிரித்து வைத்தால், கூடி உழைத்த திறமையை எதைக்கொண்டு அளப்பது? சேர்ந்து அமர்ந்திருக்கும்போதே ஒவ்வொருவரையும் நோக்கித் தனிக் கேள்வி கேட்பது இயலாத காரியமன்று. 2012–13இல் குழுப் பரீட்சை மீண்டும் அனுமதிக்கப்பட்டபோது, மதிப்பெண் மட்டும் தனித்தனியே அளிக்கப்பட வேண்டும் என்று வகுத்தனர். முதலிலேயே இவ்வளவோடு நின்றிருக்கலாம்.

அதே காலத்தில் மதிப்பெண் அளவுகோலும் மாறியது. 1963 முதல் வழங்கிய பழைய அளவில் 13 என்னும் உச்ச எண், சிந்தனையில் அசாதாரணமான சுதந்திரம் காட்டியவருக்கே உரியதாயிருந்தது. அதனைப் பெற்றவர் மிகச் சிலர். 2007இல் ஐரோப்பிய முறைக்கு இணங்க 12, 10, 7, 4, 02, 00, -3 என ஏழு படிகள் அமைந்தன. 02 பெற்றவர் தேறியவர். இப்போது 12 பெறுவதற்கு வேண்டியது, பிழை இல்லாமை அல்லது அற்பப் பிழை மட்டுமே இருத்தல். மேற்படிப்பில் சேர்வதற்குப் பள்ளிச் சராசரி பெரிதும் கணக்கில் கொள்ளப்படுவதால், இளைஞர் புதியதொன்றை முயன்று தவறுவதைவிட, அறிந்ததைப் பிழையின்றிச் சொல்வதே நலம் என்று கருதத் தலைப்படுகின்றனர் என்னும் கவலை அந்நாட்டு ஆசிரியர்களிடையே உள்ளது. உரையாடலையே பரீட்சையாக வைத்துக்கொண்ட ஒரு நாடு, பிழைகளை எண்ணும் அளவுகோலால் அவ்வுரையாடலை அளக்கப் புகுந்தது பொருந்தாச் செயல் என்றே யாம் எண்ணுகிறோம். 13ஐ நீக்காமலே பிற எண்களைச் சீர்செய்திருக்க முடியும்.