ஓடாத புகைவண்டிகள்

காட்சிச் சாலைகளில் வைத்துக் காக்கப்பெறும் பொருள்கள் இருவகைப்படும். கற்சிலை, நின்ற நிலையிலேயே தன் இயல்பு முழுவதையும் புலப்படுத்திவிடும். யாழோ, மீட்டினாலன்றித் தன்னைப் புலப்படுத்தாது. பழைய நீராவி வண்டி இவ்விரண்டனுள் எவ்வகையைச் சாரும் என்பதே ஈண்டு யாம் ஆராயப் புகும் பொருள்.

புதுதில்லியிலுள்ள தேசிய ரயில் அருங்காட்சியகத்தில் ஒரு பகற்பொழுதைக் கழித்தபோது இவ்வினா எம் உள்ளத்தில் எழுந்தது. 1977ஆம் ஆண்டில் திறக்கப்பெற்ற அவ்விடத்தில், திறந்த வெளியிலே, தண்டவாளங்களின்மீது பல்வேறு காலத்து வண்டிகள் நிற்கின்றன. அவற்றுள் எம்மை நெடுநேரம் நிறுத்திவைத்தது பட்டியாலா சமஸ்தானத்து ஒற்றைத் தண்டவாள வண்டியே. அதன் பாரம் பெரும்பாலும் ஒரே தண்டவாளத்தின்மீது அமையும். பக்கத்தே சாலைமீது உருளும் சக்கரம், வண்டி சாயாமல் தாங்கும். 1907இல் தோன்றிய இவ்வண்டிப் போக்குவரவு, மோட்டார் வண்டிகள் பெருகவே, 1927இல் நின்றது. ஜெர்மனியில் செய்யப்பெற்ற இதன் இயந்திரம் கேட்பாரற்றுக் கிடந்து, 1962இல் கண்டெடுக்கப்பெற்றது. பின்னர் அமிர்தசரஸ் பட்டறையில் செப்பனிடப்பெற்று மீண்டும் ஓடிற்று. 'இது சாயாமல் எங்ஙனம் ஓடும்?' என்ற ஐயத்தை நூறு பக்க விளக்கமும் தீர்க்கமாட்டாது. ஒருமுறை ஓடக் காண்பது தீர்த்துவிடும்.

நீராவி வண்டி ஓர் இயந்திரம் மட்டுமன்று, ஒரு தொழிலுமாகும். குளிர்ந்த கொதிகலனை விரைந்து சூடாக்கினால் தகடுகளும் குழாய்களும் ஒவ்வாது விரிந்து கேடுறும். ஆதலின் மணிக்கணக்காக மெல்ல மெல்ல நெருப்பை வளர்த்தல் வேண்டும். நீர் மட்டம் தாழ்ந்து, உலையின் மேல்தகடு நீரின்றிக் காயுமாயின், கலன் வெடித்து உயிரைக் கொள்ளுதலும் கூடும். கரியை எவ்விடத்து மெல்லிதாகவும் எவ்விடத்துத் தடிப்பாகவும் பரப்புவது என்பது, ஃபயர்மேன் ஒருவர் டிரைவரின் அருகே பல்லாண்டு நின்று கற்ற அறிவு. சித்தரஞ்சன் தொழிற்சாலை நீராவி இயந்திரங்கள் செய்வதை 1972இல் நிறுத்தியது. அகலப் பாதையில் நாள்தோறும் ஓடிவந்த நீராவி வண்டிகளும் 1995இல் ஓய்ந்தன. செய்தவரும் ஓட்டியவரும் இன்று முதியோர். அவர்தம் கைத்திறன் அவரோடு மறையுமாயின், யாழ் இருந்தும் மீட்டுவார் இல்லை என்னும் நிலை வந்தெய்தும்.

'ஓடினால் தேயும், தேய்ந்த உறுப்புகளை மாற்ற மாற்றப் பழமை போய்ப் புதுமையே எஞ்சும்' என்பார் உளர். அவர் கூற்றில் ஓரளவு உண்மை உண்டு. எனினும் நம் ஏட்டுச் சுவடிகளை அவர் எண்ணிப் பார்ப்பாராக. பனையோலை நைந்தபோதெல்லாம் புதிய ஓலையில் படியெடுத்தவரால் அன்றோ நம் நூல்கள் பிழைத்தன! பட்டுத்துணியில் பொதிந்து, திறவாமலே வைத்தவரிடத்து அவை செல்லுக்கு இரையாயின. 1855இல் இங்கிலாந்தில் செய்யப்பெற்ற 'ஃபேரி குயின்' என்னும் இயந்திரத்தைச் சென்னைப் பெரம்பூர்ப் பட்டறையார் செப்பனிட, அது 1997இல் மீண்டும் பயணிகளை இழுத்துச் சென்றது. அப்பணியில் கைவைத்த தொழிலாளர், நூற்றுநாற்பது ஆண்டுகட்கு முற்பட்ட கொல்லர் எண்ணியவாறே தாமும் எண்ணிப் பார்த்திருத்தல் வேண்டும். அதுவும் ஒருவகைப் படியெடுப்பே.

எல்லா வண்டிகளையும் ஓட்டுக என்பது எம் கருத்தன்று. தொட்டால் நொறுங்கும் நிலையிலுள்ளவை நிழலில் அமைதியாக நிற்க. ஒரே வகையைச் சார்ந்தவை பல எஞ்சியுள்ள இடத்து, ஒன்றிற்கேனும் ஆண்டில் சில நாட்கள் நெருப்பிடுதல் வேண்டும். அந்நாட்களில் தொழிலறிந்த முதியவர் பக்கத்தே இளைஞர் இருவரையேனும் நிறுத்திப் பயிற்றுதல் வேண்டும். இரும்பு இன்னும் நூறாண்டு காத்திருக்கும், அம்முதியவர் காத்திரார்.