பழைய ஜிம்னியின் நெளிவு சுளிவு

வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார்: “2008ல் பதிவான சுசுகி ஜிம்னி ஒன்றை வாங்கியிருக்கிறேன். நண்பர்களோடு ஜோகூர் காட்டுப் பாதைகளுக்குப் போக ஆசை. வண்டியை 3 அங்குலம் உயர்த்தலாமா? பிள்ளைகளும் கூட வருவார்கள் என்பதால் மனைவி தயங்குகிறார்.”

அவருடைய தயக்கத்தில் நியாயம் இருக்கிறது. என் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: 3 அங்குலம் வேண்டாம். முதலில் நெளிவு, பிறகு உயரம். அந்த உயரமும் ஒன்றரை அங்குலத்தோடு நிற்கட்டும்.

இந்தக் கேள்வி இப்போது அடிக்கடி காதில் விழுகிறது. தேக்காவில் சனிக்கிழமை தேநீருக்கு உட்கார்ந்தால், பழைய ஜிம்னியோ லேண்ட் ரோவரோ வைத்திருக்கும் இளையர் ஒருவராவது பேச்சில் சிக்குகிறார். காரணம் நமக்குத் தெரிந்ததுதான். 2023 அக்டோபரில் பெரிய கார்களுக்கான வாகன உரிமைச் சான்றிதழ் 150,001 வெள்ளியைத் தொட்டது. புதிய வண்டி எட்டாத தூரத்துக்குப் போனதும், இருக்கும் வண்டியின் சான்றிதழைப் புதுப்பித்து, அதையே ஆசைக்கேற்ப மாற்றிக்கொள்ளலாம் என்ற எண்ணம் வருகிறது. ஆசையில் தவறில்லை. எதை மாற்றுகிறோம் என்று தெரிந்து மாற்ற வேண்டும்.

உயரம் வேறு, நெளிவு வேறு

நான் ஓட்டுவதும் அதே தலைமுறை ஜிம்னிதான். அதை முதன்முறை காக்கி புக்கிட்டில் ஒரு பட்டறைக்குக் கொண்டுபோனபோது, அங்கிருந்த மெக்கானிக் வண்டிக்கடியில் எட்டிப் பார்த்துவிட்டு ஒரே கேள்விதான் கேட்டார்: “அண்ணே, வண்டியைத் தூக்கணுமா, நெளிய வைக்கணுமா?” தஞ்சாவூர்ப் பக்கம் லாரிகளுக்குப் பட்டை கட்டிப் பழகியவர் அவர். இந்த விஷயத்தில் கேட்க வேண்டிய முதல் கேள்வியும் அதுதான்.

உயரம் என்பது வண்டியின் உடல் தரையிலிருந்து எவ்வளவு தள்ளி நிற்கிறது என்பது. நெளிவு என்பது ஒரு சக்கரம் மேட்டில் ஏறும்போது இன்னொரு சக்கரம் பள்ளத்துக்குள் இறங்கித் தரையைத் தொட முடிகிறதா என்பது.

மழைநீர் குறுக்காக அரித்த ஒரு செம்மண் பாதையை நினைத்துக்கொள்ளுங்கள். இடது முன்சக்கரமும் வலது பின்சக்கரமும் மேட்டில். மற்ற இரண்டும் பள்ளத்தின் மேல். ஜிம்னியின் இரண்டு அச்சுகளிலும் இருப்பது சாதாரண டிஃபரென்ஷியல். அதன் இயல்பு, எந்தச் சக்கரம் எளிதாகச் சுழல்கிறதோ அதைச் சுழல விடுவது. காற்றில் தொங்கும் சக்கரம்தான் எளிதாகச் சுழலும். ஆகவே முன்னால் ஒன்றும் பின்னால் ஒன்றுமாக அந்தரத்தில் சுற்ற, நான்கு சக்கர இயக்கம் இருந்தும் வண்டி நின்ற இடத்திலேயே நிற்கும். அந்த இரண்டு சக்கரங்களும் இன்னும் 3 அங்குலம் இறங்கித் தரையைத் தொட்டிருந்தால், வண்டி நடைவேகத்தில் கடந்துபோயிருக்கும்.

இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். கடையில் கிடைக்கும் உயரமான ஸ்பிரிங்குகளில் பல, இரும்பு பம்பர், வின்ச், கூரைச் சட்டம் என்று பாரம் ஏற்றும் வண்டிகளுக்கானவை. அவை விறைப்பானவை. வெறும் வண்டியில் மாட்டினால் உயரம் கூடும், நெளிவு குறையும். பார்வைக்கு மிடுக்கு, பள்ளத்தில் தடுமாற்றம்.

இன்னொன்று: ஸ்பிரிங்கை உயர்த்தினால் அச்சு உயராது. ஜிம்னியின் முன்னும் பின்னும் முழு அச்சு. அதன் நடுவில் தொங்கும் டிஃபரென்ஷியல் உருளைதான் பாறையில் முதலில் இடிக்கும். அதை உயர்த்துவது டயர் மட்டுமே. நிறுவனம் கொடுத்த 205/70 ஆர்15 டயரின் விட்டம் 668 மில்லிமீட்டர். 215/75 ஆர்15 போட்டால் ஏறக்குறைய 704. விட்டத்தில் 36 கூடினால் அச்சு உயர்வது அதில் பாதி, 18 மில்லிமீட்டர். கூடவே வேகமானியும் ஏமாற்றும்: முன்பு சரியாக 90 காட்டியது, இப்போது 95ல் போகும்போதும் 90 என்றே காட்டும்.

வில் வண்டி முதல் ஜிம்னி வரை

நம் தாத்தாக்களின் வில் வண்டி நினைவிருக்கிறதா? இரும்புப் பட்டைகளை அடுக்கி வில்லாக வளைத்து, அச்சுக்கும் கூண்டுக்கும் நடுவே வைத்தார்கள். அதே தத்துவம்தான் 1985ல் இந்தியச் சாலைக்கு வந்த மாருதி ஜிப்சியிலும் கடைசிவரை இருந்தது. வனத்துறையும் ராணுவமும் அதை நம்பின. அதில் பயணம் செய்தவர்களின் இடுப்பு இன்னும் அதை மறக்கவில்லை.

பட்டைகள் ஒன்றன்மேல் ஒன்று உராய்வதுதான் அந்தக் குலுக்கலுக்கு ஒரு காரணம். துருப்பிடித்தால் பட்டைகள் ஒட்டிக்கொண்டு ஒரே இரும்புக் கட்டைபோல ஆகிவிடும். ஆகவே பட்டை ஸ்பிரிங் உள்ள பழைய வண்டிக்கு முதல் வைத்தியம், அவற்றைக் கழற்றி, துரு நீக்கி, கிரீஸ் தடவி, ஷேக்கிள் புஷ்களை மாற்றுவது. இரண்டாவது, ‘பாரபோலிக்’ பட்டைகள்: எண்ணிக்கை குறைவு, நடுவில் தடித்து ஓரத்தில் மெலிந்தவை, நடுவிலும் முனைகளிலும் மட்டும் தொடுபவை. உராய்வு குறைவதால் நன்றாக நெளியும்.

பட்டை ஸ்பிரிங் என்றால் இளக்காரமாக நினைக்க வேண்டாம். 1955 செப்டம்பர் 1ஆம் தேதி லண்டனிலிருந்து ஆக்ஸ்ஃபர்ட், கேம்பிரிட்ஜ் மாணவர்கள் இரண்டு லேண்ட் ரோவர்களில் கிளம்பி, 1956 மார்ச் 6ஆம் தேதி சிங்கப்பூர் வந்து சேர்ந்தார்கள். அவற்றில் ‘ஆக்ஸ்ஃபர்ட்’ என்ற வண்டி செயின்ட் ஹெலினா தீவிலிருந்து மீட்கப்பட்டுப் பழுதுபார்க்கப்பட்டது. 2019 ஆகஸ்ட் 25ஆம் தேதி அதே வண்டி சிங்கப்பூரிலிருந்து புறப்பட்டு, 111 நாளில் லண்டனை அடைந்தது. அறுபது வயதைத் தாண்டிய வண்டி, பட்டை ஸ்பிரிங்கோடு போய்ச் சேர்ந்தது. பழைய வண்டிக்குப் புதிய உயரத்தைவிட நல்ல பராமரிப்பு முக்கியம் என்பதற்கு இதற்குமேல் சாட்சி வேண்டாம்.

உங்கள் 2008 ஜிம்னியில் நான்கு பக்கமும் சுருள் ஸ்பிரிங். நெளிவதற்கு அது இன்னும் தோதானது. ஆனால் உயர்த்தினால் வரும் சிக்கல்களும் அதற்கென்று உண்டு.

ஒவ்வோர் அங்குலத்துக்கும் ஒரு விலை

பேரங்காடித் தள்ளுவண்டியின் முன்சக்கரம், தள்ளும் திசைக்குத் தானாகத் திரும்பி நேராவதைப் பார்த்திருப்பீர்கள். காரின் முன்சக்கரங்களும் ஒரு சிறு சாய்வுக் கோணத்தால்தான் வளைவுக்குப் பிறகு தாமாக நேராகின்றன. அதன் பெயர் கேஸ்டர். ஜிம்னியை உயர்த்தும்போது முன் அச்சு சற்றே சுழன்று இந்தக் கோணம் குறைகிறது. விளைவு, விரைவுச்சாலையில் ஸ்டியரிங் அலைபாயும்.

அச்சு பக்கவாட்டில் நகராமல் பிடித்திருக்கும் பான்ஹார்ட் கம்பியின் சாய்வு மாறுவதால், அச்சு சில மில்லிமீட்டர் ஒரு பக்கம் நகரும். இயந்திரத்தின் விசையை அச்சுக்குக் கொண்டுபோகும் நீள்தண்டின் கோணம் கூடி அதிர்வு வரும். பிரேக் குழாய் நீளம் போதாமல் இழுபடும். பள்ளத்தில் சக்கரம் முழுவதும் இறங்கும் நேரத்தில் அது அறுந்தால் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை. எல்லாவற்றுக்கும் மேலாக, 1.6 மீட்டர் அகலமே உள்ள வண்டியின் எடை மையம் மேலே போகிறது. திடீரென்று தடம் மாறும்போது கவிழும் அபாயம் கூடுகிறது. பின்னிருக்கையில் பிள்ளைகள் இருக்கும் வண்டிக்கு இதுதான் முதல் கணக்கு.

40 மில்லிமீட்டர், அதாவது ஏறக்குறைய ஒன்றரை அங்குலம் வரை இவற்றைச் சிறிய பாகங்களால் சரிக்கட்டலாம். அதற்குமேல் ஒவ்வொன்றும் தனித் தலைவலி.

எதை முதலில் செய்வது?

1. புஷ். பதினைந்து ஆண்டு நம் வெயிலிலும் ஈரத்திலும் இருந்த ரப்பர் வெடித்து இறுகியிருக்கும். எல்லாவற்றையும் மாற்றுங்கள். பாலியூரித்தேன் புஷ் நீடித்து உழைக்கும் என்று ஆசை காட்டுவார்கள். சாலைக்கு நல்லதுதான். ஆனால் ஜிம்னியின் அச்சு முறுக்கிக்கொள்ள, புஷ் நெகிழ்ந்து கொடுக்க வேண்டும். அச்சைப் பிடித்திருக்கும் கைகளுக்கு நல்ல ரப்பரே போதும்.

2. ஷாக் அப்சார்பர். நெளிவின் ரகசியம் பெரும்பாலும் இங்கேதான். ஸ்பிரிங்கை மட்டும் 40 மில்லிமீட்டர் உயர்த்திவிட்டுப் பழைய ஷாக்கை விட்டால், சக்கரம் கீழே இறங்கும் தூரத்தில் அதே 40 மில்லிமீட்டர் போய்விடும். ஷாக்கே கயிறுபோல அச்சைப் பிடித்து நிறுத்தும். நீளமான ஷாக் வேண்டும். ஆனால் முழுவதும் சுருங்கும்போது, ரப்பர் தடுப்பில் அச்சு இடிப்பதற்கு முன்பே ஷாக் முட்டிக்கொள்ளக் கூடாது. இரண்டு நீளங்களையும் அளந்து வாங்குங்கள்.

3. ஆன்டி ரோல் பார். வளைவில் வண்டி சாயாமல் பிடிக்கும் இந்தக் கம்பிதான் முன்னால் நெளிவைத் தடுப்பதும். காட்டுப் பாதையின் வாசலில் கழற்றி, தார்ச்சாலைக்கு வருமுன் மாட்டும் இணைப்புகள் உண்டு. திரும்ப மாட்டாமல் விரைவுச்சாலையில் ஏறாதீர்கள்.

4. ஸ்பிரிங். உங்கள் வண்டியின் உண்மையான பாரத்துக்கு ஏற்ற, அதிகம் விறைப்பில்லாத, 40 மில்லிமீட்டர் உயரமுள்ளவை. கூடவே கேஸ்டரைச் சரிசெய்யும் புஷ், நீளமான பிரேக் குழாய், பிறகு சக்கர சீரமைப்பு.

5. டயரின் காற்று. செலவே இல்லாத நெளிவு இதுதான். மண்பாதையில் வழக்கமான அழுத்தத்தில் மூன்றில் ஒரு பங்கைக் குறைத்தால் டயர் கல்லை அணைத்துப் பிடிக்கும். மெதுவாக ஓட்டி, வெளியே வந்ததும் காற்று நிரப்ப ஒரு சிறு கம்ப்ரசர் கையில் இருக்கட்டும்.

வேலை முடிந்ததும் பட்டறையிலேயே சோதித்துவிடுங்கள். ஃபோர்க்லிஃப்ட்டால் ஒரு முன்சக்கரத்தை மெல்லத் தூக்கச் சொல்லி, மற்ற மூன்றில் ஏதாவது ஒன்று தரையைவிட்டுக் கிளம்பும் உயரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். அப்போதே பிரேக் குழாய் இழுபடுகிறதா, டயர் எங்கேயாவது உரசுகிறதா என்றும் பாருங்கள். என் வண்டியில் புஷ், ஷாக் இரண்டையும் மாற்றி, முன் கம்பியைக் கழற்றியதும் நான்கு விரற்கடை கூடுதலாகக் கிடைத்தது. அதுவரை ஸ்பிரிங்கைத் தொடவே இல்லை.

சட்டமும் சாலையும்

நிலப் போக்குவரத்து ஆணையம் வாகன மாற்றங்களை மூன்றாகப் பிரிக்கிறது: அனுமதி தேவையில்லாதவை, முன் அனுமதி தேவைப்படுபவை, அறவே கூடாதவை. எந்தப் பாகத்தையும் வாங்குமுன் ‘ஒன்மோட்டாரிங்’ இணையத்தளத்தில் அதன் வகையைப் பாருங்கள். காப்புறுதி நிறுவனத்துக்கும் எழுத்தில் தெரிவியுங்கள். அடிச்சட்டத்தை வெட்டுவது, வெல்டிங் செய்வது போன்ற யோசனைகளைப் பட்டறை வாசலிலேயே விட்டுவிடுங்கள். 10 வயது கடந்த வண்டி ஆண்டுதோறும் பரிசோதனைக்குப் போக வேண்டும். சாலை வரியிலும் 10லிருந்து 50 விழுக்காடுவரை கூடுதல் கட்டணம் உண்டு. பரிசோதனையில் தேறாத மாற்றத்துக்குக் கொட்டிய பணம் வீண்.

எல்லை கடக்கும்போது எரிபொருள் தொட்டியில் முக்கால் பங்கு இருக்க வேண்டும் என்பதும், மலேசிய வாகன நுழைவு அனுமதி வேண்டும் என்பதும் உங்களுக்குத் தெரிந்தவையே. கூரைச் சட்டம் வைத்திருந்தால், வீவக கார் நிறுத்துமிடத்தின் உயரக் கம்பியை நுழைவதற்கு முன் அளந்துகொள்ளுங்கள்.

உங்கள் ஜிம்னி ஆண்டில் எத்தனை நாள் மண்ணை மிதிக்கப்போகிறது? பத்து நாள் இருக்கலாம். மற்ற நாள்களில் அது சிராங்கூன் சாலை நெரிசலிலும் தீவு விரைவுச்சாலை மழையிலும்தான் ஓடும். பிள்ளைகள் பள்ளிக்குப் போவதும் அதில்தான். இரண்டுக்கும் பொருந்துவது, கொஞ்சம் உயரமும் நிறைய நெளிவும் உள்ள வண்டி. மேலே சொன்ன வேலைகளை முடித்துவிட்டு, முதலில் நீங்கள் மட்டும் ஒரு மாதம் நகருக்குள் ஓட்டிப் பாருங்கள். நனைந்த சாலையில் பிரேக் பிடிக்கும்போதும் வளைவிலிருந்து நேராகும்போதும் ஸ்டியரிங் உங்கள் கைக்கு அடங்கி நின்றால், அடுத்த சுற்றுக்கு மனைவியிடம் சாவியைக் கொடுங்கள். ஜோகூர் பயணத் தேதியை அவரே குறிக்கட்டும்.