எம்.பி.எஸ்ஸுக்கு நாம் வைத்த பாக்கி

சினிமாப் பாட்டு என்றால் மாரிக்குப்பத்தில் ரயிலேறி பெங்களூர் வரை போய்க் கச்சேரி கேட்கிறவர்கள் கோலார் தங்கவயல்காரர்களான நாம். இசையமைப்பாளர் எம்.பி. சீனிவாசன் பெயரைச் சொல்லிப் பாருங்கள். 'பி.பி. ஸ்ரீநிவாஸா?' என்று திருப்பிக் கேட்போம். செங்கொடிச் சங்கத்தில் வளர்ந்த குடும்பங்களையும் சேர்த்தே சொல்கிறேன்.

அவர் நமக்கு அந்நியரல்ல. 1925இல் சித்தூரில் பிறந்தவர். நம் பாட்டன் பூட்டன்களில் பலர் சுரங்க வேலைக்கு வந்ததும் அந்தப் பக்கமிருந்துதான். மாணவப் பருவத்திலேயே கம்யூனிஸ்ட், டெல்லியில் ஏ.கே. கோபாலனுக்குச் செயலாளராக இருந்தவர். 1960இல் நிமாய் கோஷ் இயக்கிய 'பாதை தெரியுது பார்' படத்துக்கு இசையமைத்தார். அதில் ஜெயகாந்தன் எழுதிய பாட்டை இன்றும் முணுமுணுக்கிறோம், மெட்டு யாருடையது என்று கேட்காமலே. அடுத்த ஆண்டு யேசுதாஸை முதன்முதலாகப் பாடவைத்துப் பதிவு செய்ததும் அவர்தான், மலையாளத்தில். தமிழில் அவருக்கு வாய்த்த படங்கள் சொற்பம். கேரளம் அவருக்குப் படங்களும் கொடுத்தது, அரசு விருதுகளும் கொடுத்தது. ஜான் ஆபிரகாமின் 'அக்கிரகாரத்தில் கழுதை'யில் பேராசிரியராக நடித்தவர் இவர்தான் என்பதைச் சொன்னால், நம்மில் சினிமா தெரிந்தவர்களே வியக்கிறார்கள்.

படங்களை விடுங்கள். 1970களின் தொடக்கத்தில் சென்னை இளைஞர் சேர்ந்திசைக் குழுவை அமைத்தார். அதில் பாடியவர்கள் பெரிய வித்வான்கள் இல்லை; வேலைக்கும் கல்லூரிக்கும் போய்வந்தவர்கள். நம் சங்கீதம் ஒற்றை வரியில் போவது. ஒருவர் பாட, மற்றவர் பின்தொடர்வார். எம்.பி.எஸ். பாரதி பாட்டை எடுத்து, ராகம் கெடாமல் அதைப் பல குரல்களுக்குப் பிரித்தார். கீழ்க்குரல் ஒரு வழி போகும், மேல்குரல் இன்னொரு வழி போகும், இரண்டும் ஓரிடத்தில் வந்து சேரும். தன் குரல் தனியாகத் தெரியவேண்டும் என்று நினைப்பவருக்கு அங்கே வேலையில்லை. தொழிற்சங்கம் கற்றுத்தர வேண்டிய பாடம் அது. திரையிசைக் கலைஞர்களுக்குச் சங்கம் கட்ட உழைத்தவர் கையிலிருந்து அது வந்ததில் ஆச்சரியமில்லை.

நாம் என்ன செய்தோம்? இங்கே 1946 நவம்பர் 4 போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் மடிந்த தொழிலாளர்களை நினைக்கும் கூட்டத்துக்குக்கூட, ஓடுகிற சினிமா மெட்டில் புது வரி போட்டு மைக்செட்டில் அலறவிட்டோம். தலைவர் வரும்வரை நேரம் ஓட்டுவதற்கே பாட்டு என்று வைத்திருந்தோம். நைட் ஷிஃப்ட் முடிந்து வந்தவர்கள் லைன் வீட்டுத் திண்ணையில் பாடியதை யாரும் எழுதி வைக்கவில்லை. 2001 பிப்ரவரி 28இல் சுரங்கம் மூடியது; பாடியவர்கள் பெங்களூருக்கு செக்யூரிட்டி வேலைக்குப் போனார்கள். நிர்வாகத்தைத் திட்டினோம், சரிதான். ஆனால் அந்தப் பாட்டுகளை இழந்ததற்கு நிர்வாகம் காரணமில்லை.

1988 மார்ச் 9இல், சேர்ந்திசை வேலையாகப் போயிருந்த இடத்தில், லட்சத்தீவில் அவர் இறந்தார். வயது 62. திருவனந்தபுரத்தில் அவர் பெயரில் ஒரு சேர்ந்திசைக் குழு பாடுகிறது. சென்னையில் அவர் தொடங்கிய குழுவும் தொடர்ந்து பாடிவந்திருக்கிறது. தங்கவயலில் அவர் பெயரில் ஒரு பெஞ்சு போட்டு நாலு பேர் உட்கார்ந்ததாகக்கூட எனக்கு நினைவில்லை.

ஆண்டர்சன்பேட்டையிலோ சாம்பியன் ரீஃபிலோ யார் வீட்டுப் பரணிலாவது பழைய கேசட்டோ பாட்டு நோட்டோ இருந்தால் காயலான் கடைக்குப் போடாதீர்கள். ஒரு பிரதி எடுத்து, சென்னை தரமணியில் இருக்கும் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகத்துக்கு, வாங்கிப் பாதுகாப்பார்களா என்று எழுதிக் கேளுங்கள். வரும் நவம்பர் 4 கூட்டத்தில் மைக்செட் வேண்டாம். பத்துப் பேர் சேர்ந்து பாட வாருங்கள்.