காய்ச்சலுக்கு எத்தனையாவது நாள்? எலிக்காய்ச்சல் பரிசோதனை குறித்த நிலைப்பாட்டு அறிக்கை

வழக்கமாக ஜூன் மாதம் முல்லைப் பெரியாறு தண்ணீர் திறந்ததும், லோயர் கேம்ப் தொடங்கிப் பழனிசெட்டிபட்டி வரை 14,707 ஏக்கரில் நெல் நடவு சூடுபிடிக்கும். எலி வளை வைத்த வரப்பு, மாடு இறங்கிய வாய்க்கால், காலில் ஒரு சேற்றுப்புண். எலிக்காய்ச்சலை உண்டாக்கும் லெப்டோஸ்பைரா கிருமி உடம்புக்குள் நுழைய இவ்வளவு போதும். எலி மட்டுமல்ல, மாடு, பன்றி, நாயின் சிறுநீரிலும் அது வெளியேறும்.

டெங்கு, உண்ணிக்காய்ச்சல், எலிக்காய்ச்சல் மூன்றும் தொடக்கத்தில் ஒன்றுபோலவே இருக்கும். கெண்டைக்கால் வலியும் கண் சிவப்பும் துப்புக் கொடுக்கலாம்; எல்லோருக்கும் வருவதில்லை.

கம்பம் பள்ளத்தாக்கின் விவசாயிகள், கால்நடை வளர்ப்போர், தோட்டத் தொழிலாளர்கள் சார்பில் எங்கள் சங்கம் எடுக்கும் நிலை இதுதான்: ஒரேயொரு அட்டைச் சோதனையில் 'இல்லை' என்று வந்ததற்காக எலிக்காய்ச்சலை ஒதுக்கிவிடக் கூடாது. எந்தச் சோதனை என்பதைக் காய்ச்சலின் நாள் தீர்மானிக்கட்டும்.

காரணம் எளியது. அட்டைச் சோதனையும் ஐஜிஎம் எலைசாவும் தேடுவது கிருமியை அல்ல, அதை எதிர்த்து உடம்பு உருவாக்கும் எதிர்ப்பொருளை. அது தென்பட ஐந்து முதல் ஏழு நாள் ஆகும். இரண்டாம் நாளில் ரத்தம் கொடுத்தவருக்கு 'இல்லை' என்று வருவதில் வியப்பில்லை. அந்த முதல் வாரத்தில் கிருமி ரத்தத்திலேயே இருப்பதால் பிசிஆர் சோதனையில் அதைப் பிடிக்க முடியும். கிருமியை வளர்த்துப் பார்க்கலாம்தான். வாரக்கணக்கில் ஆகும், நோயாளிக்கு உதவாது.

உறுதிப்படுத்தும் சோதனை என உலகெங்கும் ஏற்கப்பட்டது எம்ஏடி. உயிருள்ள லெப்டோஸ்பைரா வகைகளோடு நோயாளியின் சீரத்தைக் கலந்து, அவை ஒட்டித் திரள்கின்றனவா என்று நுண்ணோக்கியில் பார்ப்பார்கள். இக்கிருமியில் 250-க்கும் மேற்பட்ட வகைகள் உண்டு. வட்டாரத்தில் உலவும் வகை ஆய்வகத்தில் இல்லாவிட்டால் விடை தவறலாம். இரண்டு வார இடைவெளியில் எடுத்த இரண்டாவது ரத்தத்தில் எதிர்ப்பொருளின் அளவு நான்கு மடங்கு ஏறினால் உறுதி. முதல் ரத்தத்தோடு ஆள் காணாமல் போவது இங்கே பெரிய தலைவலி.

ஆய்வகம் இல்லாத இடத்திலும் வழி இருக்கிறது. அறிகுறிகளையும் சூழலையும் வைத்து எலிக்காய்ச்சலைக் கணிக்கும் ஃபைன் மதிப்பெண் முறையைச் சென்னை மருத்துவர் எஸ். சிவகுமார் நம் நாட்டுக்கேற்பத் திருத்தினார். மழைக்கும் அசுத்த நீரில் இறங்கியதற்கும் அதில் மதிப்பெண் உண்டு. ஆகவே, "என்ன வேலை, எங்கே வேலை?" என்று கேட்பதும் பரிசோதனையே. குமுளி தாண்டி இடுக்கி ஏலத்தோட்டத்துக்கு ஜீப்பில் போய்வரும் பெண்ணிடம் அதைக் கேட்காமல் மருந்துச்சீட்டு எழுதுவதை இச்சங்கம் ஏற்கவில்லை.

தேனி அரசு மருத்துவக் கல்லூரியில் கொரோனா காலத்திலேயே பிசிஆர் ஆய்வகம் இயங்கியது. அதே வகைக் கருவியில் லெப்டோஸ்பைராவையும் பார்க்க முடியும். நடவுப் பருவத்திலாவது முதல் வாரக் காய்ச்சலுக்கு இச்சோதனை தேவை. எம்ஏடிக்கு மாதவரத்திலுள்ள கால்நடைப் பல்கலைக்கழக ஆய்வகத்தோடு முறையான ஏற்பாடு வேண்டும். இக்கிருமிக்காகச் சோதித்த, கன்று வீசிய மாட்டின் ரத்த முடிவு அந்த ஊர் ஆரம்ப சுகாதார நிலையத்துக்கும் தெரிய வேண்டும். தேனியிலேயே கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கும்போது இது எட்டாத காரியமல்ல.

முடிவு வரும்வரை சிகிச்சையை நிறுத்தி வைப்பதை இச்சங்கம் எதிர்க்கிறது. எலிக்காய்ச்சலுக்குக் கொடுக்கும் டாக்ஸிசைக்ளின் மருந்து விலை மலிவு. நோய் முற்றிச் சிறுநீரகம் செயலிழந்த பின் செய்யும் டயாலிசிஸ் அப்படியல்ல.

வயலிலும் தொழுவத்திலும் வேலை செய்வோர், காய்ச்சல் தொடங்கிய நாளையும் பார்க்கும் வேலையையும் மருத்துவரிடம் தாமாகவே சொல்லுங்கள். இரண்டாவது ரத்தம் கொடுக்கக் கூப்பிட்டால் கட்டாயம் போங்கள்.