அடுப்பு எத்தனை, குடும்பம் எத்தனை?



2025 நவம்பர் இறுதியில் வந்த தித்வா புயல் பதுளை மாவட்டத்தை உலுக்கிப் போட்டதை நாம் மறக்கமாட்டோம். வீட்டை இழந்தவர்களும், மண்சரிவு ஆபத்துள்ள இடங்களில் இருந்தவர்களும் வெளியேற நேர்ந்தது. அவர்கள் வாடகை வீட்டில் தங்குவதற்கு மாதம் 25,000 ரூபா கொடுப்பனவை அரசாங்கம் அறிவித்தது. நல்ல உதவிதான். ஆனால் இந்த உதவியானாலும் வேறெந்த உதவியானாலும், லயத்தில் இருக்கும் பெண்ணின் முன்னால் மூன்று கேள்விகள் வந்து நிற்கின்றன. இந்த வீடு யாருடையது? இதில் எத்தனை குடும்பம்? உங்கள் வருமானம் என்ன?

கேட்பதற்கு இலகுவான கேள்விகள். தோட்டத்தில் பதில் சொல்வதுதான் கடினம். பதில் பிழைத்தால் உரிய உதவி கைநழுவிப் போகும். ஆகவே இம்மாதம் இதைப் பற்றிப் பேசுவோம்.

இன்று நமது நாட்டில் வருமானமும் வாழ்க்கை நிலையும் பார்த்து வழங்கப்படும் பெரிய உதவி அஸ்வெசும. 2002ஆம் ஆண்டின் 24ஆம் இலக்க நலன்புரி நன்மைகள் சட்டத்தின் கீழ் இது நடைபெறுகிறது. 2023 ஜூலையில் தொடங்கியபோது நான்கு பிரிவினருக்கு மாதம் 15,000, 8,500, 5,000, 2,500 ரூபா என வகுக்கப்பட்டது. 2025 ஜனவரியிலிருந்து மிக வறிய குடும்பத்துக்கு 17,500 ரூபாவும் வறிய குடும்பத்துக்கு 10,000 ரூபாவும் ஆக்கப்பட்டது. யாருக்கு எது என்பதைக் கையில் வரும் காசை மட்டும் வைத்து முடிவு செய்வதில்லை. கல்வி, சுகாதாரம், பொருளாதாரம், சொத்து, வீட்டு நிலை, குடும்ப அமைப்பு என்னும் ஆறு துறைகளில் 22 சுட்டிகளைப் பார்க்கிறார்கள். அதாவது நீங்கள் சொல்லும் ஒவ்வொரு பதிலுக்கும் பெறுமதி உண்டு.

குடும்பம் எது?

10 அடிக்கு 12 அடிக் காம்பராவில் மாமியார், மூத்த மகன் குடும்பம், இளைய மகன் குடும்பம் என்று மூன்று உலை கொதிக்கும் வீடுகள் ஊவாவில் எத்தனையோ. ஒரே கூரை என்பதற்காக எல்லாருடைய சம்பளத்தையும் கூட்டி ஒரு குடும்பமாக எழுதினால், வறுமை கடதாசியில் மறைந்துவிடும். குடிசன மதிப்பீட்டில் சேர்ந்து வாழ்ந்து, உணவையும் ஒன்றாகச் சமைத்து உண்பவர்களையே ஒரு குடும்ப அலகாகக் கொள்கிறார்கள். ஆகவே உங்கள் அடுப்பு வேறென்றால் அதைத் தெளிவாகச் சொல்லுங்கள். ஒன்றாகச் சமைத்துச் சாப்பிடுபவர்கள் உதவிக்காக இரண்டு அடுப்பென்று சொல்வதும் சரியல்ல.

77இலும் 83இலும் கலவரத்துக்கு அஞ்சி வன்னிக்குப் போய், அங்கும் யுத்தத்தில் எல்லாம் இழந்து, மீண்டும் தோட்டத்துக்கு உறவினர் வீடு தேடி வந்த சகோதரிகள் இதை விசேடமாகக் கவனிக்க வேண்டும். அண்ணன் வீட்டுத் திண்ணையில் ஒதுங்கியிருப்பதால் அண்ணனின் சம்பளம் உங்கள் வருமானம் ஆகிவிடாது.

வீடு யாருடையது?

லயக் காம்பராவில் நான்கு தலைமுறை வாழ்ந்திருந்தாலும், உறுதிப் பத்திரம் கையில் இல்லாவிட்டால் அது உங்கள் சொத்து அல்ல. “சொந்த வீடா?” என்று கேட்டால், வாய்ப் பழக்கத்தில் “ஓம், எங்கட வீடுதான்” என்று சொல்லிவிடாதீர்கள். “தோட்டத்து வீடு, உறுதி இல்லை” என்று சொல்லுங்கள். 2025 ஒக்டோபரில் பண்டாரவளையில் நடந்தது போன்ற வைபவங்களில் வீட்டுரிமைப் பத்திரம் பெற்றவர்கள் அதை மறைக்காமல் சொல்ல வேண்டும்.

வருமானம் எவ்வளவு?

நமது நாட்சம்பளம் 2021இல் 1,000 ரூபா ஆனது. 2024இல் 1,350 ரூபாவாகக் கூடியது. அதன்பின் மேலும் கூட்டும் முன்மொழிவு 2025 நவம்பர் வரவு செலவுத் திட்டத்தில் வந்தது. பத்திரிகையில் வரும் இந்தத் தொகையைப் பார்ப்பவர்கள் 25ஆல் பெருக்கிவிடுகிறார்கள். 1,350 ரூபாவை 25 நாளால் பெருக்கினால் 33,750. ஆனால் மழையாலும் கொழுந்துக் குறைவாலும் ஒரு மாதத்தில் 14 பேர்தான் கிடைத்தது என்று வைத்துக்கொள்வோம். அப்போது 18,900 ரூபா மட்டுமே. அதிலும் ஊழியர் சேமலாப நிதிக்கு 8 சதவீதம், 1,512 ரூபா, கழிந்துவிடும். மிச்சம் 17,388. இரண்டு கணக்குக்கும் இடையில் ஒரு குடும்பத்தின் சோறு இருக்கிறது.

ஆகவே சம்பளத் துண்டை எறியாமல் மாதவாரியாகச் சேர்த்து வையுங்கள். ஒரு கொப்பியில் உழைத்த நாள், கையில் வந்த காசு, கொழும்பில் வேலை செய்யும் பிள்ளை அனுப்பியது எல்லாவற்றையும் திகதியிட்டு எழுதுங்கள். எழுதத் தெரியாவிட்டால் பிள்ளையிடம் சொல்லி எழுதுவியுங்கள். அனர்த்த உதவி, வாடகைக் கொடுப்பனவு என்பவற்றைச் சம்பளத்தோடு கலக்காமல் வேறு பக்கத்தில் குறியுங்கள்.

கணவர் காணாமற்போன சகோதரிகளுக்கு இன்னொரு விடயம். பெயர்ப் பட்டியலில் அவர் இருப்பதால் உழைப்பாளி ஒருவர் வீட்டில் இருப்பதாக எண்ணிவிடக்கூடும். அவர் இறந்துவிட்டதாகப் பதிவுசெய்ய மனம் ஒப்பாதவர்களுக்காக, அவர் காணாமற்போயிருக்கிறார் என்பதை மட்டும் உறுதிசெய்யும் சான்றிதழைப் பெறுவதற்கு 2016இல் சட்டம் திருத்தப்பட்டது. அதைப் பெற்றுக் கோவையில் வையுங்கள்.

இப்படிக் கேள்வி கேட்பது ஏழைகளை அவமதிப்பதாகச் சிலர் வருந்துகிறார்கள். கனடாவின் டொரொண்டோவில் அரச உதவி வீடுகளில் இருக்கும் நம் உறவினரைக் கேட்டுப் பாருங்கள். அங்கே வருமானத்தில் ஏறக்குறைய 30 சதவீதம்தான் வாடகை. அதற்காக ஆண்டுதோறும் வருமானத்தைக் காட்ட வேண்டும். வீட்டில் ஆள் கூடினாலும் குறைந்தாலும் அறிவிக்க வேண்டும். கணக்குக் காட்டுவது வெட்கமல்ல. உதவி உரியவருக்குப் போய்ச் சேர வேண்டுமென்றால் கணக்கு வேண்டும். வெட்கப்பட வேண்டியது, நம் கணக்கை வேறொருவர் ஊகித்து எழுத நாம் பேசாமல் இருப்பதற்குத்தான்.

செய்ய வேண்டியவை இவை:

1. தகவல் எடுக்க வருபவர் எழுதியதை வாசித்துக் காட்டச் சொல்லுங்கள். விளங்கிய பின்பே ஒப்பமிடுங்கள்.

2. தோட்டக் காரியாலய முகவரிக்கு வரும் கடிதம் தாமதமாகலாம். உங்கள் சொந்தத் தொலைபேசி இலக்கத்தையும் கொடுங்கள்.

3. பிறப்பு, மரணம், திருமணம், வேலை இழப்பு, வீடு மாற்றம் நேர்ந்தால் கிராம உத்தியோகத்தருக்கு எழுத்தில் அறிவித்து, பிரதியொன்றை வைத்துக்கொள்ளுங்கள்.

4. பெயர் வராவிட்டால் காலக்கெடுவுக்குள் பிரதேச செயலகத்தில் மேன்முறையீடு செய்யுங்கள்.

5. காரணம் சொல்லாவிட்டால், 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் கேளுங்கள். தகவல் தருவதா இல்லையா என்பதை 14 வேலை நாட்களுக்குள் தீர்மானிக்க வேண்டும். தமிழில் எழுதவும் தமிழில் பதில் பெறவும் நமக்கு உரிமை உண்டு.

தனியாகப் போகத் தயக்கமென்றால், லயத்தில் நான்கு பேர் சேர்ந்து போங்கள். வாசிக்கத் தெரிந்த ஒருவர் மற்ற மூவரின் கடதாசியையும் பார்க்கட்டும். கொழுந்து நிறுக்கும்போது தராசு முள்ளைக் கண்ணெடுக்காமல் பார்ப்பவர்கள் நாம். நமது வாழ்க்கையை நிறுத்து எழுதும் கடதாசியையும் அதே கண்ணால் பார்ப்போம்.