பிள்ளை தானே சொல்லட்டும்



சென்ற முறை பல் சொத்தையைப் பற்றி எழுதினேன். வாயைத் திறக்கச் சொன்னால் சொத்தை தெரிந்துவிடும். இந்த முறை எழுத வந்தது அப்படிப் பார்க்க முடியாத ஒன்று: பிள்ளைகளின் மனச்சோர்வு.

"பத்து வயசுப் பிள்ளைக்கு என்னா டீச்சர் கவலை?" என்று என்னிடம் கேட்டவர்கள் பலர். நானும் ஒரு காலத்தில் அப்படி நினைத்தவள்தான்.

இரண்டு ஆண்டுகளுக்கு முன், பெற்றோரின் சம்மதத்துடன், எங்கள் பள்ளியின் ஐந்தாம் ஆண்டுப் பிள்ளைகளுக்கு ஒரு கேள்வித்தாள் கொடுத்தோம். கணக்கும் இல்லை, மலாயும் இல்லை. உன் மனம் எப்படி இருக்கிறது என்று கேட்கும் தாள். பழக்கதோஷத்தில் நான் மேசைகளுக்கு நடுவே நடந்து ஒவ்வொரு தாளையும் எட்டிப் பார்த்தேன். ஒரு பையன், "டீச்சர், இதுல எது சரியான விடை?" என்றான். பக்கத்துத் தாளைப் பார்த்துக் கோடு போட்டவர்களும் உண்டு. முடிவு என்ன தெரியுமா? வகுப்பில் அத்தனை பேரும் குறையில்லாத சந்தோஷப் பிள்ளைகள்! தவறு என்னுடையதுதான்.

சில வாரம் கழித்து ஆலோசனை ஆசிரியர் என்னை வெளியே நிற்கச் சொல்லிவிட்டு, பிள்ளைகளைத் தள்ளித் தள்ளி உட்கார வைத்து, "இது பரீட்சை இல்லை, சரி தப்பு கிடையாது" என்று விளக்கி, மறுபடி கொடுத்தார். இம்முறை ஒரு தாள் தனியாக வந்தது. வகுப்பில் தினமும் சண்டை போடுகிறவன் தாளாகத்தான் இருக்கும் என்று நான் நினைத்தேன். இல்லை. வீட்டுப் பாடம் ஒரு நாளும் தவறாத, நான் எல்லாரிடமும் "தங்கமான பிள்ளை" என்று சொல்லிக்கொண்டிருந்த பெண்ணின் தாள் அது.

இந்த வகைத் தாள்களில் பெயர் பெற்ற ஒன்றை அமெரிக்காவில் மரியா கோவாக்ஸ் என்ற மனவியல் அறிஞர் உருவாக்கினார். பெரியவர்களுக்காக ஆரன் பெக் 1961-இல் வெளியிட்ட தாளைப் பிள்ளைகளுக்கு ஏற்றபடி மாற்றியமைத்தார். 7 முதல் 17 வயது வரை உள்ளவர்களுக்கானது. அதன் முதல் வடிவத்தில் 27 பகுதிகள். ஒவ்வொன்றிலும் மூன்று வாக்கியங்கள். தூக்கம், சாப்பாடு, சிநேகிதர்கள், தன்னையே பிடிக்காமல் போவது என்று பலவற்றைத் தொடும். கடந்த இரண்டு வாரத்தில் தனக்குப் பொருந்தும் வாக்கியத்தைப் பிள்ளையே தேர்ந்தெடுக்க வேண்டும். ஒவ்வொன்றுக்கும் 0, 1 அல்லது 2 புள்ளி. கூட்டினால் அதிகபட்சம் 54.

புள்ளி கூடிவிட்டால் பிள்ளைக்கு நோய் என்று அர்த்தமில்லை. காய்ச்சல் கருவி சூட்டைச் சொல்லும். டிங்கியா, சாதாரணச் சளியா என்று சொல்லாது. பயமும் பதற்றமும் உள்ள பிள்ளைக்கும் புள்ளி ஏறலாம். நோயா இல்லையா என்பதை, பிள்ளையிடம் உட்கார்ந்து பேசி மருத்துவர்தான் சொல்ல வேண்டும்.

"என் பிள்ளையைப் பற்றி எனக்குத் தெரியாதா?" என்பீர்கள். 1987-இல் ஆக்கன்பாக் என்பவரும் அவருடைய சகாக்களும் 119 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தார்கள். முழு ஒற்றுமை என்றால் 1, ஒற்றுமையே இல்லையென்றால் 0 என்று வைத்துக்கொள்ளுங்கள். தாயும் தகப்பனும் போல ஒரே நிலையில் இருக்கும் இருவர் ஒரு பிள்ளையைப் பற்றிச் சொன்னது 0.60 அளவுக்கு ஒத்துப்போனது. பிள்ளை தன்னைப் பற்றிச் சொன்னதும் மற்றவர்கள் சொன்னதும் ஒத்துப்போனது வெறும் 0.22. வீட்டிலும் வகுப்பிலும் நாம் பார்ப்பது பிள்ளையின் நடத்தையை. உள்ளே இருப்பது அதற்கு மட்டுமே தெரியும்.

அந்தப் பெண்ணை வளர்த்த பாட்டி முந்தின ஆண்டு தவறிவிட்டார். அம்மா விடியற்காலை ஐந்தரைக்கே செம்பனைக் காட்டு வேலைக்குக் கிளம்பிவிடுவார். தம்பியைக் குளிப்பாட்டி, பசியாறக் கொடுத்துப் பள்ளிக்கு அழைத்து வருவது இவள்தான். ஏன் யாரிடமும் சொல்லவில்லை என்று கேட்டதற்கு, "அம்மாவே ராத்திரி அழுவறாங்க டீச்சர்" என்றாள். தாளில் அவள் கோடு போட்டிருந்த ஒரு வாக்கியம், உயிரோடு இருக்கப் பிடிக்கவில்லை என்ற பொருள் கொண்டது. அப்படி ஒரு கோடு விழுந்தால் மொத்தப் புள்ளியைக் கூட்டிக்கொண்டு உட்காரக் கூடாது. ஆலோசனை ஆசிரியர் அன்றைக்கே அம்மாவுக்கு ஆள் அனுப்பினார்.

இப்படியெல்லாம் கேட்டால் இல்லாத எண்ணம் பிள்ளைக்கு வந்துவிடாதா என்று சிலர் பயப்படுகிறார்கள். நியூயார்க் மாநிலத்தில் ஆறு உயர்நிலைப் பள்ளிகளைச் சேர்ந்த 2,342 மாணவர்களிடம் இதைச் சோதித்து 2005-இல் முடிவை வெளியிட்டார்கள். கேட்டதால் அந்த எண்ணம் கூடியதாகத் தெரியவில்லை. நம் நாட்டிலும் 2017-ஆம் ஆண்டு தேசிய ஆய்வில் இடைநிலைப்பள்ளி மாணவர்களிடம் இப்படித் தாள் கொடுத்தே கேட்டார்கள். ஐந்தில் ஒருவருக்கு மனச்சோர்வின் அறிகுறி இருந்தது.

ஆகையால், பள்ளியிலிருந்து அப்படி ஒரு தாள் பற்றிக் கடிதம் வந்தால் கையெழுத்துப் போட்டு அனுப்புங்கள். "நல்லா இருக்கேன்னு எழுதிட்டு வா" என்று மட்டும் தயவுசெய்து சொல்லி அனுப்பாதீர்கள்.

அந்த அம்மா வேலை உடுப்போடு, பூட்ஸைக் கூடக் கழற்றாமல் வந்து நின்றார். முதலில் கோபப்பட்டார், பிறகு வெகுநேரம் பேசவில்லை. மறுநாள் மகளை அரசாங்கக் கிளினிக்குக்கு அழைத்துப் போனார். இப்போது காலையில் தம்பியைப் பக்கத்து வீட்டு அத்தை பார்த்துக்கொள்கிறார். அவள் இந்த ஆண்டு படிவம் ஒன்றில் இருக்கிறாள். போன வாரம் வீட்டுப் பாடம் செய்யாமல் போய் ஏச்சு வாங்கினாளாம். அம்மா சிரித்துக்கொண்டே சொன்னார்.